டிரிப் ஆன சில்லர் மெஷினை ரீசெட் செய்வதற்கு முன் ஒரு பிரிண்ட்

கட்டடத்தின் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் டிரிப் ஆனதும், அதாவது பாதுகாப்புக்காகத் தானாக நின்றதும், ஷிப்ட் ஆபரேட்டரின் கை நேரே ரீசெட்டுக்குத்தான் போகும். மேல் மாடிகளிலிருந்து போன் மேல் போன் வரும்போது வேறு என்ன தோன்றும்? ஆனாலும் முதலில் மெஷினின் கன்ட்ரோல் பேனலில் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்து பிரிண்ட் கொடுங்கள். மெஷின் நின்ற நொடியின் அழுத்தம், வெப்பநிலை, மோட்டார் ஆம்பியர் எல்லாம் அதில் இருக்கும். பேனல் கடைசி சில டிரிப்புகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். நாலைந்து முறை ரீசெட் போட்டு ஓட்டிப் பார்த்தால், பின்னால் வரும் டிரிப்புகள் முதல் டிரிப்பை வெளியே தள்ளிவிடும். நமக்கு வேண்டியது அந்த முதல் பதிவுதான்.

பேனல் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி, நேரம் தப்பாக ஓடும். அப்புறம் கரண்ட் போய் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) எடுத்த நேரத்தோடு டிரிப்பை ஒப்பிட முடியாது.

பழைய பேனல்களில் பிரிண்டர் போர்ட் பெரும்பாலும் ஆர்எஸ்-232 சீரியல். பிரிண்டர் இல்லையென்றால் யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் ஒன்று போதும், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். லேப்டாப்பில் டெர்மினல் மென்பொருளைத் திறந்து, வருவதை ஃபைலாகச் சேமியுங்கள். பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), டேட்டா பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட் நான்கும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600, 8, பேரிட்டி இல்லை, 1 என்பது பரவலான அமைப்பு. புரியாத குறிகள் வந்தால் பாட் ரேட்டைச் சந்தேகியுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிளில் 2, 3 பின்களை மாற்றிப் போட வேண்டியிருக்கலாம். பாதி வந்து நடுவில் வரிகள் விடுபட்டால் ஹேண்ட்ஷேக் (‘அனுப்பு, நிறுத்து’ என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் முறை) அமைப்பு பொருந்தவில்லை. கேபிளை 15 மீட்டருக்குள் வைத்து, மோட்டார் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் போடாமல் இருங்கள்.

தாளில் நான் முதலில் தேடுவது அப்ரோச். கண்டன்சர் என்பது கேஸின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்து அதைத் திரவமாக்கும் பகுதி; சேச்சுரேஷன் வெப்பநிலை என்பது அங்கிருக்கும் அழுத்தத்தில் கேஸ் திரவமாகும் வெப்பநிலை. அந்தச் சேச்சுரேஷன் வெப்பநிலையிலிருந்து, கண்டன்சரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது அது. 95 சதவீத லோடில் தண்ணீர் 37, சேச்சுரேஷன் 38.5 என்றால் அப்ரோச் 1.5 டிகிரி செல்சியஸ், நல்ல நிலை. சில மாதம் கழித்து அதே லோடில், அதே 37-க்கு சேச்சுரேஷன் 42 காட்டினால் அப்ரோச் 5. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஓடும் சென்னை கூலிங் டவர்களில் (கண்டன்சர் தண்ணீரைக் காற்றில் ஆற்றும் இடம்) முதல் சந்தேகம் கண்டன்சர் டியூபில் படிந்த உப்பு. அதை நீக்கும் டீஸ்கேலிங்குக்கு நாள் குறிக்கலாம். மாறாகத் தண்ணீர் 39.5, சேச்சுரேஷன் 41 என்றால் அழுத்தம் ஏறியிருந்தாலும் அப்ரோச் அதே 1.5தான். அங்கே டியூபைக் கழுவுவது வீண் செலவு. டவரின் ஃபேன் பெல்ட், நாசில், ஃபில் (தண்ணீர் பரவி வழியும் அடுக்கு) ஆகியவற்றைப் பாருங்கள்.

லோடு குறைந்தால் அப்ரோச்சும் தானாகக் குறையும். அதனால் ராத்திரி 40 சதவீதத்தில் எடுத்த பிரிண்டை மத்தியானப் பிரிண்டோடு ஒப்பிடக் கூடாது. இன்னொன்று, சேச்சுரேஷன் வெப்பநிலையைப் பேனல் நேரடியாக அளப்பதில்லை, அழுத்தத்திலிருந்து கணக்கிடுகிறது. அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டூசர் பிசகினால் அப்ரோச்சும் பொய்யாகிவிடும். ஆர்134ஏ கேஸ் ஓடும் மெஷினில் 40 டிகிரிக்குக் கேஜில் சுமார் 9.2 பார் இருக்க வேண்டும். மேனிஃபோல்ட் கேஜை மாட்டிச் சரிபாருங்கள்.

தெர்மல் தாளாக இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பிளான்ட் ரூம் சூட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். எத்தனை டவர் ஃபேன், எத்தனை பம்ப் ஓடியது என்பது பல பேனல்களுக்குத் தெரியாது. அதை அந்த ஜெராக்ஸின் ஓரத்தில் பேனாவால் எழுதி, லாக் ஷீட்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.