சாயக்கழிவு நிலையத்தில் உப்புக் கணக்கு பார்த்த அனுபவம்

திருப்பூரில் ஒரு பொது சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் செயல்திறனை மதிப்பிடும் குழுவில் இருந்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு இந்த ஊருக்கு உண்டு. சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது என்பதுதான் இங்கே நிபந்தனை. ஆகவே, சிஓடி (தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு) இத்தனை சதவீதம் குறைந்தது என்று மட்டும் எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதி வேலை. “பகல்ல எடுத்தா எப்பவும் நல்லாத்தானுங்க சார் இருக்கும், ராத்திரி ஷிஃப்ட்ல வந்து பாருங்க” என்றார் ஆபரேட்டர். சொன்னது சரி. கறுப்புச் சாயம் ஓடும் இரவில் உள்ளே வரும் தண்ணீரே வேறு. மணிக்கொரு முறை எடுத்து, ஓட்டத்தின் அளவுக்கேற்பக் கலந்து, 24 மணி நேரக் கூட்டு மாதிரியாக்கினோம். தண்ணீர் தொட்டிகளில் தங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, வெளியேறும் பக்கத்துச் சாம்பிளை அவ்வளவு நேரம் தள்ளி எடுத்தோம்.

அடுத்தது உப்பு. சாயத்தில் போட்ட உப்பைப் பாக்டீரியா தின்னாது. ஆர்ஓ அதை ஒதுக்கும், எவாப்பரேட்டர் சுண்ட வைக்கும், அவ்வளவே. 1,000 கனமீட்டர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்றால் உள்ளே வந்தது 6 டன். அந்த 6 டன்னும் எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

நிலையத்தின் பதிவேட்டில் வரவும் செலவும் கச்சிதமாகப் பொருந்தின. ஆனால் உப்பைப் படிகமாக்கும் கிரிஸ்டலைசரிலிருந்து வரும் கிளாபர் உப்பின் (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட் படிகம்) எடையில் சுமார் 56 சதவீதம் படிக நீர். 10 டன் மூட்டைகளில் சோடியம் சல்பேட் 4.4 டன்தான். பதிவேட்டில் முழு எடையையும் உப்பாகவே எழுதியிருந்தார்கள். நீரைக் கழித்ததும் பெரிய துண்டு விழுந்தது.

அதைத் தேடிப் போனபோதுதான் பின்பக்க ஷெட்டைத் திறந்தார்கள். கூரை வரை கலப்பு உப்பு மூட்டைகள். யாரும் வாங்காத உப்பு, எடை போடாமலே அடுக்கியது. மூட்டை மூட்டையாக எடை போட்டோம். ஈரப்பதத்தையும் சோதித்தோம். பட்டறைகளுக்கு உப்புக் கரைசல் திரும்பிப் போகும் குழாயான பிரைன் லைனில் ஓட்ட மீட்டர் மட்டும் இருந்தது. அதிலும் ஷிஃப்டுக்கு ஒருமுறை டிடிஎஸ் பார்த்தோம். அதன் பிறகே வித்தியாசம் மீட்டர்களின் பிழை வரம்புக்குள் வந்தது.

ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீர் சுற்றியுள்ள காடுகழனியை எப்படிப் பாழாக்கியது என்று அங்குள்ள விவசாயிகளைக் கேட்டால் தெரியும். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே உப்புக் கணக்கை வைத்தேன். கலப்பு உப்பைத் தினமும் எடை போடவும், பிரைன் லைனில் உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் பொருத்தவும் கேட்டிருக்கிறோம்.