கணு

ஜூன் 3
இன்றும் போன் வரவில்லை. மணிபிளாண்ட் கொடியில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

ஜூன் 4
வேரே இல்லாமல் அது எப்படி வாடாமல் நிற்கிறது என்று அக்கா கேட்டாள். எனக்கும் ராத்திரி முழுக்க அதே யோசனை. இழுப்பது வேர் இல்லை, இலைதான். இலையின் அடிப்பக்கத்துத் துளைகள் வழியே நீர் ஆவியாகிப் போகப் போக, பின்னால் நிற்கும் நீரும் இழுபட்டு மேலே வருகிறது, நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் தண்டுக்குள் அந்த நீர்ச்சரம் அறுவதில்லை. டிக்ஸன், ஜாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894இல் சொன்ன விளக்கம் இது. கலிபோர்னியாவில் 115 மீட்டர் உயர ரெட்வுட் மரத்தின் உச்சிக்கும் இப்படித்தான் தண்ணீர் போகிறது, நடுவில் இதயம் மாதிரி எதுவும் கிடையாது. இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். நீரை ஏற்றும் சைலம் குழாய்கள் இறந்துபோன செல்கள், இறந்து உள்ளே வெறுமையானதால்தான் அவை குழாயாகின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல் இந்த வீட்டில் இப்போது வேண்டாம்.

ஜூன் 6
போன் இல்லை. அக்கா சாப்பிடவில்லை.

ஜூன் 7
பார்க்க வந்தவர் ஒருவர் ஆறுதலாகப் பேசுகிறேன் என்று என்னென்னவோ பேசினார். போகும்போது பாட்டிலைப் பார்த்து, இலையை மட்டும் கிள்ளிப் போட்டாலே புதுக்கொடி வந்துவிடும் என்றார். வராது! காம்பில் வேர் வேண்டுமானால் வரலாம், ஆனால் கணு இல்லாவிட்டால் அதிலிருந்து ஒருநாளும் தண்டு வராது, அந்த இலை இலையாகவே இருந்து ஒருநாள் பழுத்துப் போகும். இலை புறப்படுவது கணுவில், இலைக்கும் தண்டுக்கும் நடுவே கோணமொட்டு தூங்குவதும் கணுவில், எதிர்ப்பக்கத்தில் பழுப்பாக முட்டிக்கொண்டிருக்கும் வேர்முனையும் அங்கேதான். எதுவும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படிச் சொல்ல முடிகிறது இவர்களால்.

ஜூன் 9
விடியற்காலையில் தொட்டிச்செடியின் இலை நுனிகளில் நீர்த்துளிகள். பனி இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்க, வேர் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருந்ததால் உள்ளே அழுத்தம் ஏறி நுனி வழியே வடிந்த நீர் அது. பாட்டில் துண்டில் ஒரு துளிகூட இல்லை, கீழிருந்து தள்ள அதற்கு இன்னும் வேர் வரவில்லையே. அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து இரண்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாள்.

ஜூன் 10
இது பூக்குமா என்று கேட்டாள். அநேகமாகப் பூக்காது, பூப்பதற்கான ஜிப்ரலின் ஹார்மோனை இந்தச் செடியால் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது.

ஜூன் 13
வேர்! கணுவிலிருந்து வெள்ளையாக, நகக்கண் அளவுகூட இல்லை. தண்டிலிருந்து முளைப்பதால் பாடப்புத்தகத்தில் இதற்கு வேற்றிட வேர் என்று பெயர். அதற்கான சர்க்கரை முழுக்க அந்த இரண்டு இலைகள் வெளிச்சத்தில் செய்தது, உணவைக் கொண்டுபோகும் புளோயம் குழாய்கள் வழியே இறங்கி வந்தது, அந்தக் குழாய் செல்கள் உயிருள்ளவை, ஆனால் உட்கரு இல்லாதவை, பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்கள்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கின்றன. இதை அக்காவிடம் தாராளமாகச் சொன்னேன். வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடிக்குள் மாவுமணிகள் கனத்துக் கீழே படிவதை வைத்து, இருட்டிலும் அதற்குக் கீழ் எது என்று தெரியும் என்பதையும். சிரித்தாள்.

ஜூன் 14
தூக்கம் இல்லை. ஏன் இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபடி மறுபடி சைலம்தான் மனதில் ஓடுகிறது.

ஜூன் 15
தொட்டியில் நான் வெட்டிய இடத்துக்குக் கீழ்க்கணுவில் மொட்டு பருத்திருக்கிறது. நுனி இருந்தவரை அங்கிருந்து இறங்கிய ஆக்சின் ஹார்மோன் அதை அடக்கிவைத்திருந்தது, நுனி போனதும் விழித்துவிட்டது. அக்காவை எழுப்பிக் காட்ட நினைத்தபோது போன் அடித்தது. நாளைக் காலையிலேயே வரச் சொல்கிறார்கள், போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுக்க வேண்டும், அக்காவிடம் எப்படி