வீட்டிலேயே பிறந்தநாள்: கேக்கும் கட்லட்டும் போதும்

அப்பம்மா, அம்மம்மா, மாமா, சித்தி, மச்சான், மச்சாள் என்று பதினைந்து பேர். கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளட் ஒன்றின் ஹோல் அதற்குமேல் தாங்காது. காலையில் கோயிலோ சேர்ச்சோ, மாலையில் கேக். வீட்டில் செய்ய இரண்டே சாமான் போதும்: பட்டர் கேக், கட்லட். ரோல்ஸும் பற்றீஸும் கடையில் எடுங்கள். அவற்றையும் வீட்டில் சுற்றப்போனால் பிள்ளை கேக் வெட்டும்போது அம்மா அடுப்படியில்தான் நிற்பார்.

கேக்குக்கு பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம் வீதம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, பால் கால் கோப்பை. 9 அங்குலத் தட்டு, 170 பாகை செல்சியஸ், 50 நிமிடமளவு. ஈர்க்கால் குத்தினால் மா ஒட்டக்கூடாது.

பிழைப்பது பெரும்பாலும் பட்டரில்தான். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், எண்ணெய் மினுங்கக்கூடாது. கொழும்புச் சூட்டுக்கு பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் போதும். காலையில் வெளியே வைத்து மாலையில் அடித்தால், உருகிய பட்டர் காற்றைப் பிடிக்காது, கேக் இறுகிப்போகும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள்; திரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மா போட்டால் சரிவரும். மா முழுதும் விழுந்தபிறகு பீற்றர் வேண்டாம், அகப்பையால் மடித்துக் கலந்தால் போதும். நடு வெடித்து எழும்பினால் அவண் சூடு கூட. நடு குழிந்தால் நேரத்தோடு கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கும்.

கேக்கை முதல்நாள் இரவே சுட்டு ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் பூசிய ஐசிங் வழிந்து தட்டில் தேங்கும். ஐசிங்குக்கு பட்டர் 150 கிராம், மாஜரின் 100, ஐசிங் சீனி 500. தனிப் பட்டரில் ருசி கூடத்தான். ஏப்ரல் புழுக்கத்தில் நிற்காது.

கட்லட்டுக்கு 425 கிராம் ரின் மீன் ஒன்று, உருளைக்கிழங்கு அரைக் கிலோ. கிழங்கைத் தோலோடு முழுதாக அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும், அந்த ஈரந்தான் எண்ணெய்க்குள் கட்லட்டை வெடிக்கவைக்கும். மீனையும் நன்றாகப் பிழிந்து, வெங்காயம், கறிவேப்பிலையோடு வதக்கி ஈரத்தை வற்றவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் பச்சைமிளகாயைக் குறைத்து மிளகுதூள். தேசிக்காய் அளவில் உருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்தால் தூள் உதிராது. எண்ணெய் நன்றாகக் கொதிக்கவேண்டும், ஒரு தடவைக்கு ஐந்தாறுக்குமேல் போடக்கூடாது.

பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மீனை விட்டு கரட்டும் லீக்ஸும், முட்டைக்குப் பதில் தண்ணியாகக் கரைத்த மா. கேக்கில் முட்டை இருக்கிறதே என்று அம்மம்மா தொடமாட்டார் என்றால் ஒரு சட்டி கேசரி கிண்டிவிடுங்கள், அதுதான் முதலில் முடியும்.

பலூனை முக்கால்வாசிக்கு மேல் ஊதாதீர்கள், சூட்டில் விரிந்து வெடிக்கும். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போகக்கூடாது, தொண்டையில் அடைக்கும்.

நேரத்தில்தான் கண்டிப்பு வேண்டும். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே வெட்டுங்கள். காலி வீதி நெரிசலில் நிற்கும் மாமாவுக்காக ஏழு மணிவரை வைத்திருந்தால் பிள்ளை நித்திரைக்கு அழும். ஃபானை நிறுத்தியபின் மெழுகுதிரி கொளுத்துங்கள். பாட்டு முடிவதற்குள் எல்லாருக்கும் வியர்க்கும், மெழுகும் ஐசிங்கில் சொட்டத்தொடங்கும். அதனால் திரியின் அடியில் சின்னதாக ஃபொயில் சுற்றிக் குத்துங்கள், படமெடுப்பவர் முதலே தயாராக நிற்கட்டும்.

கட்லட்டில் பாதியைப் பொரிக்காமல் ஃப்ரீசரில் வைக்கலாம். பிந்தி வருகிறவர்களுக்கு உருகவிடாமல் அப்படியே நடுத்தர நெருப்பில் போடுங்கள். உருகவிட்டால் தூள் ஈரமாகி உரிந்துவிடும்.