ஐந்து லட்சம் டாலர் அதிகம்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறைதான். லாரியில் கொண்டுவந்து இறக்கிய பெட்டி மாதிரியான கட்டடம். இங்கே போர்ட்டபிள் என்பார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் இறக்கினார்களாம், என் மகள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால். மழைக்காலம் வந்தால் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். இரவு மழை பெய்திருந்தால், காலையில் முதலில் வரும் பிள்ளை வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். யாரும் சொல்லி வைத்த வழக்கமில்லை, தானாக வந்துவிட்டது.

இது வட கலிபோர்னியாவில் ஒரு மலையடிவார ஊர். கணவர் டாக்டர். வெளிநாட்டு டாக்டர்கள் இங்கே பயிற்சி முடித்ததும், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் நாட்டிலேயே தங்கலாம் என்று ஒரு விசா ஏற்பாடு உண்டு. அப்படி மூன்று வருடத்துக்கென்று வந்து, கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று இருபது வருடமாகிவிட்டது. நான் குடியுரிமை வாங்கிய மறு வருடம் பள்ளிப் போர்டில் ஓர் இடம் காலியானது. யாரும் விண்ணப்பிக்கவில்லை. 'நீங்கள் கணக்குப் படித்தவராமே' என்று கேட்டு என்னை நியமித்துவிட்டார்கள்.

ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா, 'மாவட்டக் கல்வி அதிகாரியா ஆயிட்டியா?' என்றாள். அவளிடம் விளக்கியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம். தேர்தலில் வரும் போர்டு, சொந்த பட்ஜெட், கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் போடும் அதிகாரம், எல்லாம் உண்டு. கலிபோர்னியாவில் மட்டும் இப்படி ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் பிள்ளைகள் லட்சக்கணக்கில். எங்களிடம் 91 பேர், ஒரே பள்ளி. ஆனால் நிரப்ப வேண்டிய படிவங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அங்கே அதற்கென்று ஒரு மாடி நிறைய ஆட்கள் இருப்பார்கள். இங்கே மாவட்டத்தின் நிர்வாகத் தலைவரான எங்கள் சூப்பரின்டெண்டென்ட் அம்மா ஒருவர்தான். தலைமை ஆசிரியரும் அவரே. பஸ் டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால் பஸ் ஓட்டுவதும் அவரே.

வாளிக்கு வருகிறேன். பள்ளியை நடத்துகிற பணம் பிள்ளைகளின் சராசரி வருகையைக் கணக்கிட்டு மாநிலத்திலிருந்து வரும். கட்டடத்துக்கான பணம் வேறு வழி: மாநிலக் கடன் பத்திரத்தில் ஒரு பங்கு, உள்ளூர்க் கடன் பத்திரத்தில் மீதி. பழைய கட்டடத்தைச் சீரமைக்க அப்போதைய கணக்கில் மாநிலம் 60 சதவீதம், மாவட்டம் 40 சதவீதம். அந்த 40 போட முடியாத ஏழை மாவட்டங்களுக்கு 'நிதி நெருக்கடி' என்று ஒரு பிரிவு. அதில் தேறினால் அவர்கள் பங்கையும் மாநிலமே போடும். தேறுவதற்கு அப்போது ஒரு வழி, மாவட்டத்தின் கடன் வாங்கும் தகுதி 50 லட்சம் டாலருக்குள் இருப்பது.

எங்களுடையது 55 லட்சம்.

ஏன் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொடக்கப் பள்ளி மாவட்டத்தின் கடன் தகுதி என்பது அங்குள்ள சொத்துகளின் வரி மதிப்பில் 1.25 சதவீதம். எங்கள் எல்லைக்குள் ஓர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி நகரத்துக்காரர்களின் வார இறுதி வீடுகள். அவற்றையும் சேர்த்து மொத்த மதிப்பு 44 கோடி டாலர். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரும் எங்கள் பள்ளியில் இல்லை. அவர்களுடைய படகுகள் மட்டும்தான் வருடம் முழுக்க இங்கே இருக்கின்றன.

சரி, 55 லட்சம் தகுதி இருக்கிறதே, வாங்கிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. 55 சதவீத ஓட்டில் நிறைவேறும் பள்ளிக் கடன் பத்திரத்துக்கு, எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளி மாவட்டம் ஒரு லட்சம் டாலர் சொத்து மதிப்புக்கு வருடம் 30 டாலருக்கு மேல் வரி போடக்கூடாது. 44 கோடிக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 1,32,000 டாலர். முப்பது வருடக் கடனாக எடுத்தாலும் 20 லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால் இந்த உச்சவரம்பு கிடையாது. எங்கள் ஊரில் தீயணைப்பு வண்டி வாங்கவே அவ்வளவு ஓட்டு விழவில்லை. தகுதியில் 60 சதவீதமாவது ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தாலும் நெருக்கடிப் பிரிவில் சேர்ப்பார்கள். அதற்கு 33 லட்சம் வேண்டும். ஆக, காகிதத்தில் நாங்கள் பணக்காரர்கள்.

2024 மார்ச்சில் சிறு பள்ளி மாவட்டங்களின் சங்கத்தோடு சேர்ந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ போனோம். தனியாகப் போனால் எங்களைப் போன்றவர்களுக்கு வாசலைத் தாண்டுவதே கஷ்டம். சங்கம்தான் நேரம் வாங்கிக் கொடுக்கும், யாரிடம் எதைப் பேசலாம் என்று காலையில் ஒரு மணி நேரம் பாடமும் எடுக்கும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம், இரண்டு காரில். ஒரே காரில் இடம் இருந்தது. ஆனால் ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து போர்டு விஷயம் பேசினால் அது அறிவிக்காமல் நடத்திய கூட்டம் ஆகிவிடும். பிரவுன் சட்டம் என்று 1953-லிருந்து இருக்கிறது. இரண்டு மணி நேரம் காரில் போகும்போது பள்ளியைப் பற்றிப் பேசாமல் இருக்க எங்களால் முடியாது என்று எங்களுக்கே தெரியும்.

சட்டமன்றக் கட்டடத்தின் பின்பகுதியை இடித்துக் கட்டுவதால் உறுப்பினர்களின் அலுவலகங்களெல்லாம் 1021 ஓ ஸ்ட்ரீட்டில் ஒரு புதுக் கட்டடத்தில் இருந்தன. படத்தில் பார்த்த குவிமாடத்துக்குக் கீழே நிற்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். போனது கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டடத்துக்கு. உறுப்பினரையும் பார்க்க முடியாது, உதவியாளரைத்தான் பார்க்கலாம். முதல் அறையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நாங்கள் ஆறு பேரும் முறை வைத்துப் பேசினோம். பனியில் பஸ் போகாத நாட்கள், காட்டுத்தீப் புகையில் பள்ளியை மூடியது, ஆசிரியர் கிடைக்காதது, வாளி. அவன் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டான். பதினைந்து நிமிடம் ஆனதும் பேனாவை வைத்துவிட்டு, 'ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?' என்று கேட்டான்.

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெளியே வந்து சூப்பரின்டெண்டென்ட் அம்மா சொன்னார், 'துக்கம் விசாரிக்கப் போன மாதிரி ஆகிவிட்டது.' அவர் சொன்னது வேறு வார்த்தை. தமிழில் எனக்கு இதுதான் வருகிறது.

கீழே காபிக் கடையில் உட்கார்ந்து ஒரு தாளை இரண்டாகக் கிழித்தேன். மேலே '55 லட்சம்: காகிதத்தில் எங்கள் தகுதி'. அதற்குக் கீழே '20 லட்சம்: நிஜமாக வாங்க முடிந்தது'. மூன்றாவது வரி, '50 லட்சம் என்ற வரம்பை உயர்த்துங்கள். சிறு மாவட்டங்களுக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குங்கள்'. வாளியை எழுதவில்லை.

அடுத்த அறையில் வழக்கமான கேள்வி வந்தது. சிறு மாவட்டத்துக்காரர்கள் எங்கே போனாலும் கேட்கிற கேள்விதான்: 'பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்துவிடலாமே?' சேரலாம். சேர்ந்தால் போர்டு ஒன்று குறையும், ஒரு சம்பளம் மிச்சமாகும். 91 பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருப்பார்கள், கூரையும் அதே கூரைதான். அடுத்த பள்ளிக்கு மலைப்பாதையில் 40 நிமிடம். ஆறு வயதுப் பிள்ளையை ஜனவரியில் அந்த வளைவுகளில் ஏற்றிவிட யாருக்கு மனசு வரும்? இதை நான் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அந்தச் சந்திப்பு சீக்கிரம் முடிந்தது.

மூன்றாவது அறையில் ஒரு பெண். நான் பேச ஆரம்பிக்காமல் அரைத்தாளை நீட்டினேன். அவள் படித்துவிட்டு, '55-க்கும் 20-க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?' என்றாள். 30 டாலர் கணக்கைச் சொன்னேன். கால்குலேட்டரை எடுத்து அவளே போட்டுப் பார்த்தாள். பிறகு போனில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க நடந்ததில் உருப்படியான நான்கு நிமிடம் அதுதான்.

மதியம் கல்வி பட்ஜெட் துணைக்குழுவில் பொதுமக்கள் பேசும் நேரம். ஆளுக்கு ஒரு நிமிடம். ரேஷன் கடை வரிசை மாதிரி சுவரோரம் மூன்று மணி நேரம் நின்று, மைக்கில் பெயர், மாவட்டம், கோரிக்கை சொன்னேன். என் பெயருக்கே பாதி நேரம் போய்விட்டது.

ஜூலை தொடக்கத்தில் மாநிலக் கடன் பத்திர மசோதா கையெழுத்தானது. 1000 கோடி டாலர். அதில் 850 கோடி பள்ளிகளுக்கு, மீதி சமுதாயக் கல்லூரிகளுக்கு. புதுக் கட்டடத்துக்கும் சீரமைப்புக்கும் உள்ள தொகையில் 10 சதவீதம் 2,501 பிள்ளைகளுக்குக் குறைவான மாவட்டங்களுக்கு. நெருக்கடிப் பிரிவின் 50 லட்சம் வரம்பு 1.5 கோடியானது. என் அரைத்தாளால்தான் என்று சொன்னால் சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இதற்காக எத்தனையோ முறை படியேறியவர்கள். ஆனாலும் அன்று இரவு கணவரிடம் அந்த வரியை மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

மசோதா நிறைவேறினால் மட்டும் போதாது, மக்கள் ஓட்டுப் போட வேண்டும். இங்கேதான் விதி தலைகீழாகிறது. அதுவரை மாவட்டத்தின் பெயரைச் சொல்லிச் சட்டமன்றத்தில் கேட்கலாம். ஓட்டுச்சீட்டில் ஏறிவிட்டால், ஆதரவு கேட்க மாவட்டத்தின் காசு ஒரு பைசா செலவழிக்கக் கூடாது. பள்ளி ஈமெயில் கூடாது, பள்ளி ஜெராக்ஸ் மெஷின் கூடாது. நான் என் சொந்தக் காசில் நோட்டீஸ் அடித்து, பள்ளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சனிக்கிழமை சந்தையில் நின்றேன். 2020 மார்ச்சில் 1500 கோடி டாலர் பள்ளிப் பத்திரம் ஒன்று தோற்றிருந்தது. தக்காளி விற்கும் பெரியவர் அதை மறக்கவில்லை. 'அப்போதே வேண்டாமென்றோமே, மறுபடியும் ஏன் வருகிறீர்கள்?' வாளியைப் பற்றி அவரிடம்தான் சொன்னேன். நோட்டீஸை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்; ஓட்டு என்ன போட்டாரோ. நவம்பரில் எங்கள் பத்திரம் ஜெயித்தது; ஓட்டுச்சீட்டில் அதன் பெயர் புரொபொசிஷன் 2.

இப்போது விண்ணப்பம் போடும் கட்டம். பணம் வாங்க வேண்டுமானால் ஐந்து வருடக் கட்டடத் திட்டம் ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. படித்தபோது கவனித்தேன், கொண்டாட்டத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கில் பள்ளி உள்ள மாவட்டமும் ஒரு போர்ட்டபிள் உள்ள மாவட்டமும் அதைக் கொடுக்க வேண்டும். ஆலோசகர் ஒருவரைக் கேட்டோம். அவர் சொன்ன தொகைக்கு கூரையில் பாதியை மாற்றிவிடலாம்.

அதனால் நாங்களே எழுதுகிறோம். போன வாரம் சாயங்காலம் சூப்பரின்டெண்டென்ட் அம்மாவும் நானும் அந்த அறையிலேயே, நான்காம் வகுப்பு நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆரம்பித்தோம். பொறுப்பாளர்கள் பட்டியல் என்று நாங்களே ஒரு பக்கம் போட்டோம். கட்டடப் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். நிதிப் பொறுப்பாளர், திட்டப் பொறுப்பாளர், அவசரத் தொடர்பு, எல்லாவற்றிலும் அதே பெயர். நான்காவது முறை எழுதும்போது போன் அடித்தது. மறுநாளும் டிரைவர் வரவில்லையாம். பஸ் சாவி எங்கே என்று மேஜையைத் துழாவிவிட்டு, மீதியை என் பக்கம் தள்ளினார்.