எம்கேட்டும் ஐந்து மாத ஹொக்கியும் ஒரு கொப்பியும்

செவ்வாய்க்கிழமை எம்கேட் பெறுபேறு வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எழுதும் சோதனை அது. மொத்தம் 511, அதில் உரையை வாசித்து விளங்குவதைச் சோதிக்கும் கார்ஸ் பிரிவு 129. ஓகஸ்டில் எழுதிப் பார்த்த முதல் முழு மாதிரிச் சோதனையில் கார்ஸ் 123தான். அந்த ஆறு புள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கு வேறு இடங்களில் கிடைக்கும்.

நான் ஒன்ராறியோவில் மூன்றாம் ஆண்டு உயிரியல் மாணவி. பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காப்பாளர். எங்கள் லீக் ஒக்டோபரில் தொடங்கிப் பெப்ரவரி வரை ஓடும். நான் சோதனை எழுதியது ஜனவரியில், பருவத்தின் நட்டநடுவில். அப்படிச் செய்யாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எம்கேட் ஜனவரியிலும், பிறகு மார்ச் முதல் செப்ரெம்பர் வரையும் நடக்கிறது. ஹொக்கி விளையாடும் பிள்ளைக்கு வசதியான காலம் கோடைதான். ஆனால் கோடையில் வேலை செய்தால்தான் எனக்கு அடுத்த ஆண்டு வாடகை. ஜனவரியில் எழுதிச் சரிவராவிட்டால் கோடையில் இன்னொரு தடவை எழுதி, ஒக்டோபர் விண்ணப்பத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. அணியின் அட்டவணை கையில் இருந்தும் அதை எடுத்துப் பார்க்காததுதான் பிழை. காசு கட்டிய பிறகு பார்க்கிறேன்: சோதனை சனிக்கிழமை காலை, முதல்நாள் இரவு வெளியூரில் ஆட்டம்.

பயிற்றுநரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் என் பெயரை அந்த ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த நேரம் நான் இரண்டாவது காப்பாளர். ஆட்டத்துக்கு உடுப்பது இரண்டு பேர், எனவே எனக்குப் பதிலாக முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி போனாள். நான் வீட்டில் இருந்தேன். ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டியவள், இணையத்தில் ஆட்டத்தின் நேரடி ஒளிபரப்பைத் திறந்தேன். மேலதிக நேரம் வரை போய் 3-2 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. காலையில் முதல் பிரிவான இரசாயனம்-பௌதிகத்தில் கடைசி உரைப்பகுதியை வாசிக்கவே நேரம் இல்லாமல் குருட்டாம்போக்கில் குறித்துவிட்டு எழும்பினேன். அந்தப் பிரிவில் 126. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. சோதனைக்கு முதல்நாள் உங்கள் அணி விளையாடினால் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

முதலாம் ஆண்டில் நான் மூன்றாவது காப்பாளர். அதாவது பயிற்சியில் எல்லோருடைய அடியையும் வாங்குவேன், ஆட்டத்தில் மேலே இருக்கைகளில் இருப்பேன். அப்போது காப்பாளர்களுக்கான பயிற்றுநர் எனக்கு ஒரு வேலை தந்தார். எங்கள் வலையில் விழும் ஒவ்வொரு கோலையும் ஒரு கொப்பியில் வரைய வேண்டும். பக் என்ற வட்டு புறப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி. காப்பாளர் நின்ற இடத்தில் ஒரு கோடு. நடுவில் நின்ற ஆட்களுக்கு வட்டங்கள். கீழே ஒரே ஒரு வரி: அவள் அந்த நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? “எப்படித் தடுத்திருக்கலாம்” என்று எழுத விடமாட்டார். எழுதினால் வெட்டிவிடுவார்.

பக் என்பது மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள ரப்பர் வட்டு. வலை ஆறடி அகலம், நாலடி உயரம். வேகத்தால்தான் கோல் விழுகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கொப்பி நிரம்ப நிரம்ப எனக்குத் தெரிந்தது வேறு. தெளிவாகக் கண்ட அடி அநேகமாக உள்ளே போகவில்லை. போனவை மறைவில் வந்தவை. யாரோ முன்னால் நின்றார்கள். அல்லது காப்பாளர் பக்கை விட்டுவிட்டு, அது யாரிடம் போகும் என்று தானே முடிவு செய்து அந்த ஆளைப் பார்த்தார். பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதித் தள்ள அனுமதி இல்லை. வலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்ட ஒருத்தியை எங்கள் தடுப்பாட்டக்காரர் இடித்து விலக்க முடியாது. மறைவு இருக்கத்தான் செய்யும். காப்பாளர் குனிந்தோ எட்டியோ ஓர் இடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் நவம்பர் வரை என் கார்ஸ் 124ஐத் தாண்டவில்லை. பிழைகளைப் பதியும் எக்செல் அட்டவணை எல்லோரையும் போல என்னிடமும் இருந்தது: கேள்வி இலக்கம், சரியான விடை, விளக்கம். விளக்கத்தை வாசித்தால் எல்லாம் விளங்கும். அடுத்த உரைப்பகுதியில் திரும்பவும் அதே பிழை. நவம்பரில் நிபிசிங் பல்கலைக்கழக அணியுடன் விளையாட நோர்த் பே போனோம். ரொறன்ரோவில் இருந்து 11ஆம் பெருந்தெரு வழியாகக் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம், வெளியே பனி. பஸ்ஸில் ஓர் உரைப்பகுதி செய்தேன். குடியேறியவர்களின் பிள்ளைகள் வீட்டு மொழியை இழப்பதைப் பற்றியது. ஆறு கேள்வியில் நாலு பிழை. எனக்கு அழுகையே வந்தது, ஏனென்றால் அந்த விஷயத்தை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மடிக்கணினியை மூடிவிட்டுக் கொப்பியை எடுத்து, நாலு பிழையையும் நாலு கோலாக வரைந்தேன். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? அந்தக் கட்டுரையாளர் என்ன சொல்கிறார் என்று நான் பார்க்கவே இல்லை. ஸ்காபரோவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பஸ் மாறி என்னைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போன அப்பாவின் பக்கம் நின்று வாதாடியிருக்கிறேன். நாலு படத்துக்கும் கீழே ஒரே வரிதான் எழுதினேன்: “அப்பா முன்னால் நின்றார்.”

அன்றிலிருந்து எக்செலைத் திறக்கவில்லை. ஜனவரிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பிழைகளை வரைந்திருப்பேன். என் மறைவுகள் கடைசியில் மூன்றே மூன்று:

- எனக்கு ஏற்கெனவே தெரிந்த, நான் ஏற்கெனவே நம்புகிற ஒன்று முன்னால் நிற்பது. பாதிக்கு மேல் இதுதான்.
- ஆசிரியர் மறுப்பதற்காகக் கொண்டுவந்த கருத்தை அவருடைய கருத்தாக எடுத்துக்கொள்வது.
- உரைப்பகுதியில் இருந்த அதே சொல்லை விடையில் கண்டதும் கை அங்கே போவது.

உங்களுடையவை வேறாக இருக்கலாம். வரைந்தால்தான் தெரியும். செய்யும் முறை:

- பிழை விட்ட அன்றைக்கே. அடுத்த நாள் என்றால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது மறந்துவிடும், நியாயம் மட்டும் மிஞ்சும்.
- விளக்கத்தை வாசிப்பதற்கு முன்.
- கையால், பேப்பரில்.
- ஊகித்துச் சரியாக வந்ததையும் வரையுங்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பக்கை நான் தடுத்ததாகச் சொல்ல முடியாது.
- “கவனக்குறைவு” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது ஒன்றையும் சொல்லவில்லை.

இரசாயனம்-பௌதிகத்தில் இந்த முறை எனக்குப் பெரிதாக உதவவில்லை. சூத்திரம் தெரியாவிட்டால் தெரியாதுதான், அங்கே மறைவு எதுவும் இல்லை. உயிரியல் 128, உளவியல்-சமூகவியல் 128. அந்த இரண்டிலும் நீளமான ஆய்வு உரைப்பகுதிகளுக்குக் கொப்பி உதவியது. உளவியல் சொற்களை ஆங்கி என்ற செயலியின் அட்டைகளால் மனப்பாடம் செய்தேன், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பருவத்தோடு சேர்த்துப் படிக்கிறவர்களுக்குச் சில:

- போகும் பஸ்ஸில் ஆங்கி, அல்லது ஒரே ஒரு கார்ஸ் உரைப்பகுதி. புதிய பாடம் வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் நித்திரை மட்டும்.
- டிசம்பரில் லீக் நிற்கும். பல்கலைக்கழகச் சோதனைகள் முடிந்த நாளிலிருந்து பயிற்சி திரும்பத் தொடங்கும் வரை உள்ள நாட்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளி. எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சியின் முழு மாதிரிச் சோதனைகளை அதற்கென்று சேமித்து வையுங்கள். நான் ஒன்றை ஒக்டோபரிலேயே வீணாக்கினேன்.
- மாதிரிச் சோதனையைக் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள், முதல்நாள் இரவு ஆட்டம் இருந்திருந்தாலும்.
- குழுவாகப் படிக்க வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் வராது என்றே நினைக்கிறேன். விடையை இன்னொருவர் உரக்கச் சொன்ன பிறகு உங்கள் மறைவை நீங்கள் காண முடியாது.
- மருத்துவக் கல்லூரிகளில் மக்மாஸ்ரர் எம்கேட்டில் கார்ஸை மட்டும்தான் பார்க்கிறது. ஒட்டாவாவும் நோர்தேர்ன் ஒன்ராறியோவும் எம்கேட் கேட்பதே இல்லை. எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு நேரத்தைப் பங்கிடுங்கள்.

ஹொக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசரைக் காட்டி “அவர் செய்யவில்லையா” என்று கேட்பவர்கள் உண்டு. நானும் பதினாறு வயதில் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். நாலு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2012இல் கல்கரி பல்கலைக்கழக அணியோடு தேசியக் கிண்ணத்தை எடுத்தவர், 2021இல் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றவர். ஆனால் அவர் மருத்துவக் கல்லூரிக்குள் போனது 2017இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. அவரை எடுத்துக்காட்டாக வைக்கிறவர்கள் அந்த வரிசையையும் பார்க்க வேண்டும். முடிந்தால் கோடையில் எழுதுங்கள்.

சோதனைக்கு அடுத்த கிழமை எங்கள் முதல் காப்பாளருக்கு இடுப்புத் தசை பிடித்துக்கொண்டது. இறுதியாண்டுப் பிள்ளை. கரையில் இருந்து வீரர்கள் மாறும்போது கதவு திறந்துவிடும் வேலை என்னுடையதாக இருந்தது, இப்போது அவளுடையதாகிவிட்டது. நான் முழு ஆட்டம் நின்ற முதல் இடம் ரொறன்ரோவில் மற்றாமி அரங்கம். பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கக் கட்டடம் அது. பெண்கள் தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டமும் 2024 ஜனவரி 1ஆம் திகதி அங்கேதான் நடந்தது. நாலு கோல் வாங்கினேன். இரவே வரைந்தேன், மூன்று மறைவில் வந்தவை. அடுத்த ஆட்டத்தில் ஒன்றுதான்.

காலிறுதி மூன்று ஆட்டத் தொடர். ஆளுக்கொன்று வென்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டம் 1-1இல் மேலதிக நேரத்துக்குப் போனது. பனித்தரையில் வரைந்துள்ள இடது வட்டத்தின் மேல்பக்கத்தில் இருந்து வந்த அடி, என் கையுறைக்கு மேலால் உள்ளே போனது. உடுப்பு மாற்றும் அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் காப்பாளர் என் பக்கத்தில் வந்து இருந்து, என் காலில் இருந்த பாதுகாப்பு மட்டையின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். அவளுடைய கடைசிப் பருவம் அது.

அன்றிரவு கொப்பியைத் திறக்கவில்லை, திங்களும் திறக்கவில்லை. அன்றைக்கே வரைய வேண்டும் என்று மேலே எழுதியவள் நான்தான். முடியவில்லை. செவ்வாய் பெறுபேறு பார்த்து, அம்மாவோடு கதைத்து, அப்பா இரண்டு தடவை “நூற்று இருபத்தொன்பதா?” என்று கேட்டு முடித்த பிறகுதான் மேசையில் இருந்து வரைந்தேன். புள்ளி. கோடு. வட்டங்கள் போடப் பார்த்தால், அடித்தவளுக்கும் எனக்கும் நடுவில் யாருமே நிற்கவில்லை. மட்டையை விட்டு பக் கிளம்பியதில் இருந்து கையுறையைத் தாண்டியது வரை அது என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கீழே எழுதினேன்: “பக்கைத்தான் பார்த்தேன். கை எட்டவில்லை.”