பெரியவ

அக்டோபர் 6
பெரியவ இன்றைக்கும் எழும்பவில்லை. முன்னங்காலை ஊன்றி நாய் மாதிரி உட்காருகிறாள், பின்பக்கம் வரவேயில்லை. எட்டு ஈத்து கண்ட தாய்ப்பன்றி, இருநூறு கிலோவுக்குக் குறையமாட்டாள். சூடு 102 டிகிரி, பன்றிக்கு அது காய்ச்சல் இல்லை. பாளையங்கோடன் பழத்தை நீட்டினால் எட்டி வாங்கித் தின்கிறாள். தின்கிறாளே, தேறிவிடுவாள் என்கிறார்கள் வீட்டில். பன்றி வலியோடும் தின்னும்.

அக்டோபர் 8
மெலாக்சிகாம் என்ற வலி ஊசிக்கும் கேட்கவில்லை. தோள்பட்டை எலும்பு தரையில் அழுந்துகிற இடத்தில் தோல் உரிந்து உள்ளங்கை அகலத்துக்குப் புண். வைக்கோல் பரப்பிப் புரட்டிப் படுக்கவைத்தோம். அவள் போட்ட அலறல் இன்னும் காதிலேயே நிற்கிறது.

கறிக்கடை அண்ணாச்சி போன் பண்ணினார். "குட்டியானை அனுப்புதேன், கயித்தக் கட்டி ஏத்திவிடுங்க. பாதி வெலையாவது தேறும்லா."

முடியாது என்றேன். ஊசி போட்ட கறியை உடனே விற்கவும் கூடாது. வேதனைப்படும்படி வண்டியில் ஏற்றுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படியொரு சட்டமே இல்லாவிட்டாலும் அவளை இழுத்து ஏற்ற விடமாட்டேன்.

அக்டோபர் 9
ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அசைக்காதீங்க, நானே வாரேன்" என்று வந்துவிட்டார். பின்னங்கால் குளம்பிடுக்கில் கிடுக்கியால் அழுத்தினார், காலை இழுக்கவில்லை. "முதுகுத்தண்டு போச்சுங்க. இனி எழும்பாது."

சித்தப்பா கோடாலியின் பின்பக்கத்தால் ஒரே போடு என்றார். டாக்டர் மறித்தார். வயசான பன்றிக்கு நெற்றி எலும்புக்குள் காற்றறை பெரிசு, அடி மூளைக்கு எட்டாமலே போய்விடும், துடிதுடித்துக் கிடக்கும் என்றார். ஊசிதான் என்று முடிவாயிற்று.

அக்டோபர் 10
காலையில் பழம் தின்றாள். காதுக்குப் பின்னால் கழுத்தில் மயக்க ஊசி. மூக்கு மெல்ல வைக்கோலில் சாய்ந்த பிறகுதான் காது நரம்பில் உயிரை அடக்கும் அளவுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை ஏற்றினார். கருவிழியைத் தொட்டுப் பார்த்தார், இமை அசையவில்லை. ஆனாலும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். கடைசிவரை ஒரு முனகல் இல்லை.

கறி கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். மருந்து ஏறிய உடல், நாயோ காக்காயோ தின்றால்கூடச் செத்துப்போகலாம். வாய்க்காலை விட்டு விலகி மேட்டில் ஜேசிபியால் ஆறடி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

அக்டோபர் 13
கிழட்டுக் கெடாப் பன்றி முன்காலைச் சாய்த்து வைக்கிறான். சிமெண்டுத் தரையிலிருந்து மணல் கொட்டிலுக்கு மாற்றியாயிற்று. குளம்பு சீவ டாக்டர் வியாழக்கிழமை வருகிறார். கால் தேறாவிட்டால் இவன் புண்ணாகிப் படுக்கும்வரை வைத்திருக்கப் போவதில்லை, அதை வீட்டிலும் இப்போதே சொல்லிவிட்டேன்.