மூட்டம் இறங்கிய மலையில் குருவிகளை இனம் பிரிப்பது

ஒக்டோபர் பிறந்தால் காஷ்மீர், இமயமலை, கிழக்காசியா என்று பல திசைகளிலிருந்தும் குருவிகள் நமது இலங்கை மலைநாட்டுக்கு வந்து சேரும். அதே மாதங்களில்தான் மூட்டமும் இறங்கும். பறவைக் கையேட்டைத் திறந்து "நெஞ்சு செம்மஞ்சள், முதுகு சாம்பல்" என்று நிறத்திலிருந்து தேடத் தொடங்கினால் தவறான பக்கத்தில்தான் போய் நிற்போம். மூட்டத்தில் செம்மஞ்சள் மண்ணிறமாகத் தெரியும், நீலம் கறுத்துப்போகும், வெள்ளை சாம்பலாகிவிடும்.

எந்த மாதம், எவ்வளவு உயரமான இடம், மரத்தின் உச்சியா அடிக்கிளையா தரையா, வாலை என்ன செய்கிறது: இவற்றை முதலில் பாருங்கள். அடுத்தது சொண்டு, கால், வாலடி (வாலின் கீழ்ப்புறம் உடம்போடு சேரும் இடம்). நிறம் கடைசியில் வரட்டும். புத்தகத்தைத் திறக்கும் முன்பே இவற்றை போனில் குரலாகப் பதிந்துவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு, குருவியில் இல்லாத கோட்டையும் கண்டதாக மனசு சாதிக்கும்.

பைனோகுலர் 8×42 போதும்: 8 மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீற்றர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீற்றர். சட்டைப்பையில் அடங்கும் 10×25இல் அது 2.5 மட்டுமே. நல்ல வெயிலில் வித்தியாசம் தெரியாது. விடியற்காலையில் நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல பூங்காவின் மர நிழலில் நன்றாகவே தெரியும். குளிர்ந்த கண்ணாடியில் முகத்தின் சூடும் மூச்சும் பட்டால் ஆவி படியும். பைனோகுலரை ஜெர்சிக்குள் வைத்துக்கொண்டு நடந்தால் அந்தத் தொல்லை குறையும். வெள்ளை மூட்டத்துக்கு எதிரே படம் எடுத்தால் கெமரா குருவியைக் கரியாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +2 வரை ஏற்றினால் உடம்பின் அடையாளங்கள் மீளும்.

தேயிலைத் தோட்டப்பக்கம் இருப்பவர்கள் தகைவிலான்களில் (ஸ்வாலோ) தொடங்கலாம். லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) கூரைக்கடியிலும் தேயிலை பெக்டரிச் சுவரிலும் மதகுகளிலும் அவை இருக்கும். பார்க்கப் பஸ் ஏற வேண்டியதில்லை. முதலில் உழவாரன்களை (ஸ்விஃப்ட்) விலக்குங்கள். அரிவாளாக வளைந்த செட்டையோடு ஓயாமல் சுற்றுபவை அவை. கரண்ட் கம்பியில் ஒருபோதும் உட்காரா. அவற்றின் கால் அதற்கு ஏற்றதல்ல. கம்பியில் வரிசையாக இருப்பது தகைவிலான்.

இங்கே குழப்புபவை இரண்டு. ஒன்று, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் மலைத் தகைவிலான். கையேடுகளில் ஹில் ஸ்வாலோ. மற்றது, குளிர்காலத்துக்கு வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பும் பார்ன் ஸ்வாலோ. இரண்டுக்கும் முதுகு மினுமினுக்கும் கருநீலம், தொண்டை செம்மண் நிறம். வாலின் இரு ஓரத்திலும் கம்பி போல நீண்ட இறகுகள் இருந்தால் பார்ன் ஸ்வாலோ என்றுதான் பலரும் சொல்லித்தருவார்கள். ஆனால் ஒக்டோபரில் வருபவற்றில் அந்த ஆண்டுக் குஞ்சுகளும் இருக்கும். அவற்றின் வால் குட்டை. இறகு உதிர்த்து முளைக்கும் பெரியவற்றுக்கும் அந்த நீண்ட இறகுகள் இருக்காது. நெஞ்சிலுள்ள கறுப்புப் பட்டியும் முழு ஆதாரமாகாது. கிழக்காசியாவிலிருந்து வருபவற்றில் அது மெலிந்தோ நடுவில் அறுந்தோ இருக்கும்.

ஆகவே வயிற்றையும் வாலடியையும் பாருங்கள். பார்ன் ஸ்வாலோவின் வயிறு வெள்ளை அல்லது இளமஞ்சள் சாயல், அழுக்கில்லாமல் இருக்கும். மலைத் தகைவிலானின் வயிறு மங்கிய சாம்பல். வாலடி இறகுகள் கருமை, ஒவ்வொன்றின் விளிம்பும் வெளிறி, செதில் அடுக்கியதாகத் தெரியும். கரண்ட் கம்பிக்கு நேர்கீழே நின்று பார்த்தால் சில விநாடிகளில் விளங்கும். சேற்றை வாயில் கொண்டுவந்து கூடு கட்டினால் சந்தேகமே வேண்டாம்: பார்ன் ஸ்வாலோ இலங்கையில் கூடு கட்டுவதில்லை. கூடு திறந்த கிண்ணமாக இருந்தால் மலைத் தகைவிலான். குடுவை வடிவில், நுழையக் குழாய் வைத்துக் கட்டியிருந்தால் அது இலங்கைத் தகைவிலான். அதன் வயிறும் இடுப்பும் முழுக்கச் செம்பழுப்பு; மூட்டத்திலும் மற்ற இரண்டோடும் குழம்பாது.

அடுத்த சிக்கல் ஈப்பிடிப்பான்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வெளிநாட்டவரும் வந்து தேடுவது காஷ்மீர் ஈப்பிடிப்பானை. காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை இங்கும் தென்னிந்திய மலைகளிலும் கழிக்கும் இந்தச் சிறு உயிர் நம் மரங்களை நம்பி வருவது பெரிய பேறு. ஆணின் தொண்டையும் நெஞ்சும் செங்கல் நிறம், இரு ஓரமும் கரிய கரை. இதில் தவறுவது கடினம். தவறுவது பெண்ணில். மங்கிய சாம்பல் பழுப்பு என்பதால் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான் என்று எழுதிவிடுகிறார்கள். வாலைக் கவனியுங்கள். காஷ்மீர்ப் பெண் தாழ்ந்த கிளையில் இருந்து வாலை அடிக்கடி மேலே உயர்த்தும். உயர்த்தும்போது வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு மின்னும். ஆசியப் பழுப்பு நிமிர்ந்து அமைதியாக இருக்கும், வாலில் வெள்ளை கிடையாது.

ஆசியப் பழுப்புக்கும் பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பானுக்கும் இடையே தீர்ப்பு சொல்வது கால். முன்னதற்குக் கால் கறுப்பு, கீழ்ச்சொண்டின் நுனியும் கறுப்பு. பின்னதற்குக் கால் வெளிறிய நிறம், கீழ்ச்சொண்டு முழுக்க மஞ்சள். நெஞ்சின் பழுப்பை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்தால் வெளிச்சம் ஏமாற்றும்.

வாலாட்டிகள் சுலபம். ஓடைக்கரையில் வாலை மேலும் கீழுமாக ஆட்டி, வாலடியில் மஞ்சள் காட்டுவது சாம்பல் வாலாட்டி. மரத்தடிச் சருகில் பின்பக்கத்தையே இடம் வலமாக ஆட்டி நடப்பது காட்டு வாலாட்டி.

வெள்ளைக்கண்ணிகளில் உயரம் உதவும். 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவிலும் அதற்கு மேலே ஹோட்டன் சமவெளியிலும் காண்பது பெரும்பாலும் இலங்கைக்கே உரிய இனம்: கொஞ்சம் பெரிது, கரும்பச்சை. கீழே இறங்க இறங்கச் சிறிய, வெளிறிய, தொண்டை பளிச்சென்று மஞ்சளான மற்ற இனமும் கலக்கும். அங்கே கூட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதே பெயரை எழுத வேண்டாம்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரையும் துப்பாக மட்டும் எடுங்கள். குரல் வந்த கிளையில் குருவியைக் கண்ணால் காணும்வரை எழுத வேண்டாம். பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் பதியும்போது இனம் உறுதியில்லையென்றால் "தகைவிலான் வகை" என்று பொதுவாகப் பதிய வழி இருக்கிறது. குறிப்பில் "வயிறு சாம்பல், வாலடி தெரியவில்லை, கம்பியில் நான்கு" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் இணைத்துவிடுங்கள். வாலடி தெரியும் ஒரு மங்கல் படத்தை வைத்தே இன்னொருவர் இனத்தைச் சொல்லிவிட முடியும்.